பதினோரு கிடங்குகளும் ஒரு விண்ணப்பமும்

1

நாங்கள் ஹாம்பர்க்குக்கு வந்து பத்து வருடம் நிறைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது வீட்டில் வேறு யாருக்கும் ஞாபகம் இல்லை. மனைவி மல்லிகா முதியோர் இல்லத்தில் பகல் பணிக்குப் போயிருந்தாள். மகள் தேன்மொழி தோழிகளோடு நீச்சல் குளத்துக்குப் போயிருந்தாள். எனக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. எனக்கு எல்லாத் தேதியும் ஞாபகம் இருக்கும். விசா முடிகிற தேதி, பல் டாக்டர் தேதி, பழைய காகிதக் குப்பையை வாசலில் வைக்க வேண்டிய தேதி. ஒன்றை மறந்தாலும் யாராவது கடிதம் போட்டுவிடுவார்கள். இந்த ஊரில் ஒரு மனிதனுக்குக் கெட்ட காலம் வருவதாக இருந்தால் அது தபாலில்தான் வரும். தபால்காரர் மஞ்சள் சைக்கிளில் தெருமுனை திரும்பும்போதே நான் ஜன்னலை விட்டு விலகிவிடுவேன்.

பத்து வருடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வராது. சென்னைப் பத்திரிகை எதைத் திறந்தாலும் வரிசை வரிசையாகக் காலிக் கட்டங்கள்தான் தெரியும். தலைப்புச் செய்தி என்றால் பெரிய கட்டம், சாவுச் செய்தி என்றால் கறுப்புக் கோட்டுக்குள் சின்னக் கட்டம். அந்தக் கட்டங்களை ஒழித்துத் தமிழை வரவழைத்துவிடுவது என்று முடிவு செய்து காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். பத்தரைக்குக் கம்ப்யூட்டரில் தமிழும் இல்லை, ஜெர்மனும் இல்லை. கறுப்புத் திரை. அதன் மூலையில் ஒரு சின்னக் கோடு, விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

அது மட்டும் என்றால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்தப் பெட்டிக்குள் தேன்மொழியின் விண்ணப்பம் இருந்தது.

இங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வாரம் ஏதாவது ஓர் இடத்தில் போய் வேலை என்றால் என்ன என்று பார்த்துவிட்டு வர வேண்டும். இடத்தைப் பிள்ளையே தேட வேண்டும், விண்ணப்பத்தையும் பிள்ளையே எழுத வேண்டும். நானும் ராயபுரத்தில் ஒன்பதாம் வகுப்பில்தான் வேலை பார்க்கப் போனேன். இவர்கள் மூன்று வாரத்தில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள், நான் திரும்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தேன்மொழி துறைமுகத்தில் இருக்கும் மாலுமிகள் விடுதிக்கு எழுதியிருந்தாள். கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் வந்து டீ குடித்து, ஊருக்கு போன் பேசிவிட்டுப் போகிற இடம். இரண்டு வாரமாகத் திருத்தித் திருத்தி எழுதிய கடிதம். திங்கட்கிழமை காலை அதை நேரில் கொடுக்க வேண்டும். வேறு எங்கும் நகல் இல்லை.

"கம்ப்யூட்டரைத் தொடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

2

அந்தக் கம்ப்யூட்டர் என்னோடு உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்க்கும் யூர்கன் கொடுத்தது. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார். இலவசம், சட்டத்துக்குட்பட்டது என்றார். சட்டத்துக்குட்பட்டது என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

லினக்ஸில் புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் கடைக்குப் போய் சிடி வாங்க வேண்டாம். பேக்கேஜ் மேனேஜர் என்று ஒருவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். எங்கள் கிடங்கில் நான் செய்கிற வேலையைத்தான் அவனும் செய்கிறான். அவனிடம் ஒரு விலாசப் பட்டியல் இருக்கும், எந்தெந்தக் கிடங்கில் சரக்கு எடுக்கலாம் என்று. நாம் ஒரு பொருளைக் கேட்டால், பட்டியலில் உள்ள கிடங்குக்குப் போய் எடுத்து வருவான். அந்தப் பொருள் நிற்க வேறு நான்கு பொருள் வேண்டுமென்றால் அவற்றையும் சேர்த்தே கொண்டுவருவான். நல்ல வேலைக்காரன். ஆனால் அவன் பட்டியலை நம்புகிறவன். பட்டியலைக் கெடுத்தால் அவனும் கெட்டுப்போவான்.

யூர்கனைக் கூப்பிட முடியாது. அவர் ஸ்பெயினில் விடுமுறையில் இருந்தார். விடுமுறையில் இருக்கும் ஜெர்மன்காரரைக் கூப்பிடுவதைவிட தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டு டீ கேட்கலாம். ஆகவே சர்வதேச போன் அட்டையைச் சுரண்டி, திருவொற்றியூரில் இருக்கும் தங்கை கலாவைக் கூப்பிட்டேன்.

கலா தேரடிக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாள். திருட்டு சாஃப்ட்வேர் சோதனைக்குப் பயந்து எல்லாரும் ஷட்டரை இழுத்துப் போட்ட நாளில், நான்கு மெஷினையும் லினக்ஸுக்கு மாற்றிவிட்டு நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தவள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தருவான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்ததில்லை.

"இன்னாண்ணா, பகல்ல போன் பண்ற? யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒன்னும் ஆகல. கம்ப்யூட்டர் வரமாட்டேங்குது."

"நீ இன்னா பண்ண?"

"ஒன்னும் பண்ணல."

"ஒன்னும் பண்ணலன்னு சொல்றவன்தான் எல்லாத்தையும் பண்ணியிருப்பான். தெனம் நாலு பேரு எங்கையாண்ட சொல்றான். ஸ்க்ரீன்ல இன்னா எழுதிகீது, படி."

ஒரு கோடு மட்டும்தான் என்றேன். அவள் சொன்ன விசைகளை அமுக்கியதும் ஜெர்மனில் சில வரிகள் வந்தன, அவற்றை நான் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். அதைக் கலா மனசுக்குள் ஆங்கிலமாக்கிப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் வரியைப் படித்தேன். "எழுத்துப் பேக்கேஜ் இன்னொன்றை நம்பியிருக்கிறது. ஆனால் அது வரப்போவதில்லை."

"நம்பிக்கினு குந்திகீது, வர்றவன் வரல. அப்பால?"

அடுத்த வரியைத் தாழ்ந்த குரலில் படித்தேன். "உடைந்த பொட்டலங்களை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள்."

எனக்கு இது சுங்க இலாகாவின் நோட்டீஸ் போலவே பட்டது. யாரோ பார்த்துவிட்டார்கள் என்று சட்டென்று ஜன்னல் திரையைக்கூட இழுத்துவிட்டேன்.

"ஐய, அது கேஸு இல்லண்ணா, வழக்கமா வர்றதுதான். நீ எதையாச்சும் மாத்தாதன்னு பூட்டு போட்டு வெச்சியா?"

"ஒரு நாப்பதுக்குப் போட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"கெட்டுப்போயிடக்கூடாதேன்னு."

அவள் கடையில் யாரோ பிரிண்டர் காகிதம் கேட்பது கேட்டது. "பட்டியலத் தொற. எத்தினி விலாசம் கீது, எண்ணு."

எண்ணினேன். பதினொன்று.

"பதினொன்னா! இன்னாண்ணா, கல்யாணப் பத்திரிகையா அது? ஒன்னு போதும்ணா. ரெண்டு வெக்கலாம். பதினோரு பேரு யாருண்ணா?"

ஒன்று யூர்கன் போட்டது. ஒன்று கிடங்கில் வேலை பார்க்கும் போலந்துக்காரர் கொடுத்தது. மற்றவை இணையத்தில் முகம் தெரியாதவர்கள் சொன்னவை. ஒரு பிரேசில்காரர், ஒரு ஜப்பான்காரர், இன்னொருவர் தவளைப் படத்தை முகமாக வைத்திருந்தவர். எல்லாரையும் சேர்த்து வைத்திருந்தேன். ஒருவர் இல்லாவிட்டாலும் ஒருவர் கை கொடுப்பாரே.

3

இது என் புத்தி மட்டும் அல்ல. நான் வளர்ந்த இடத்தில் ஒரு காரியத்துக்குப் போவதென்றால் முதலில் ஆள் பிடிக்க வேண்டும். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, ஆஸ்பத்திரிக் கட்டில் எதற்கும் "யாரைத் தெரியும்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரே ஆளை நம்பி இருப்பவனை அப்பாவி என்பார்கள்.

எனக்குப் பதினேழு வயதில் துறைமுகத்துக்குள் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை வந்தது. உள்ளே போக ஒரு பாஸ் வேண்டும். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், மூன்று பேரைப் பிடித்தார். ஒருவர் சங்கத்துக்காரர், ஒருவர் காண்டிராக்டரின் கணக்குப்பிள்ளை, மூன்றாமவர் துறைமுக வாசலில் கேன்டீன் வைத்திருந்தவர். ஒருவரைப் பிடித்த விஷயம் மற்றவருக்குத் தெரியாது. மூன்று பேரும் நல்ல மனிதர்கள். மூன்று பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அதுதான் வினை.

பாஸ் எழுதும் குமாஸ்தாவிடம் என் பெயரில் மூன்று சீட்டு போய்ச் சேர்ந்தது. ஒன்றில் பெயின்டர், ஒன்றில் உதவியாள், ஒன்றில் சமையல்காரர். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நைனாவைக் கேட்டார்.

"இன்னாய்யா, உன் புள்ள ஒருத்தனா, மூணு பேரா? இவன் யாரு ஆளு?"

நைனாவுக்கு ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற இருவருக்கும் கோபம் வரும். "எல்லாருக்கும் வேண்டப்பட்டவன் சார்" என்றார். குமாஸ்தா மூன்று சீட்டையும் ஒரே குண்டூசியில் குத்திக் கட்டுக்கு அடியில் வைத்தார். யாரையும் பிடிக்காமல் வரிசையில் போய் நின்ற எங்கள் எதிர்வீட்டு மோகன் அந்த வாரமே பாஸை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தான். எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்திலும் நைனா தன் கணக்கு தப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை. நாலாவதாக ஒருத்தரைப் பிடித்திருக்க வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கறுப்புத் திரைக்குள்ளும் அதே குமாஸ்தாதான் உட்கார்ந்திருந்தார். ஒரு கிடங்கு எழுத்துப் பேக்கேஜைப் புதுசாகக் கொடுத்திருக்கிறது. அது நிற்கப் புதுசான அடித்தளம் வேண்டும். இன்னொரு கிடங்கு பழைய அடித்தளத்தைக் கொடுத்திருக்கிறது. அதை எடுக்கலாம் என்றால் நான் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். பயந்துபோய் நடுவில் நான் வேறு இரண்டு தடவை நிறுத்திவிட்டேன். திரையில் படம் காட்டும் பேக்கேஜ் பாதி ஏறி, பாதி ஏறாமல் வாசற்படியில் நின்றுவிட்டது.

4

"மெஷின் குடுத்தவரு போட்டது மட்டும் இருக்கட்டும், மொதல்ல மீதி பத்து பேரையும் அனுப்பு. அழிக்காத. ஒவ்வொருத்தன் முன்னாடியும் அந்த நாலு கோடு குறி போடு, வேலி மாதிரி கீதே, அது. போட்டா அவன் பேசமாட்டான்."

போட்டேன். வேலி விழவில்லை, சாய்கோடு விழுந்தது. பாதியில் நின்றதில் விசைப்பலகை தான் ஜெர்மனி என்பதையே மறந்து அமெரிக்காவாகிவிட்டிருந்தது. விசையின் மேல் எழுதியிருப்பது ஒன்று, திரையில் விழுவது வேறொன்று. பத்து வருடத்துக்குப் பிறகும் என் வாயில் நடப்பது அதுதான் என்பதால் எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை.

"ஷிப்ட்டைப் புடிச்சிகினு மூணை அமுக்கு."

வேலி விழுந்தது. பத்துப் பேரின் வாயையும் அடைத்தேன். தவளைக்காரரை அடைக்கும்போது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, ரொம்ப மரியாதையாகப் பதில் எழுதியவர். பிறகு நாற்பது பூட்டையும் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். பாதியில் நின்றவற்றை முடிக்கச் சொல்லி ஒரு கட்டளை, விட்டதைச் சேர்க்கச் சொல்லி ஒரு கட்டளை. எழுத்து எழுத்தாகச் சொன்னாள். "டி, டீக்கடை டி இல்ல, டாக்டர் டி."

கடைசியில் அது கேட்டது: தொடரலாமா, வேண்டாமா?

"ஒய் அமுக்கு."

அமுக்கினேன். 'கைவிடப்பட்டது' என்றது.

"என்ன கலா, கைவிட்டுடுச்சு!"

"இன்னொரு தபா அமுக்கு."

இரண்டாம் முறையும் கைவிட்டது. மூன்றாம் முறையும். மகளின் கடிதம், அவளுடைய வருடம், அவள் வாழ்க்கை என்று என் கற்பனை போய்க்கொண்டே இருந்தது. இருபது வருடம் கழித்து அவள் ஏதோ ஒரு பாலத்தடியில் நின்று "அன்னிக்கு எங்கப்பா தமிழ் எழுத்து வேணும்னு..." என்று யாரிடமோ சொல்வதுவரை பார்த்துவிட்டேன்.

"அண்ணா, உன் ஊரு கீபோர்டுல ஒய் எங்க கீது?"

"கீழ் வரிசையில, இடது ஓரம்."

"இங்க அந்த எடத்துல இசட்டு கீதுண்ணா! நீ மூணு தபாவும் இசட்டு அமுக்கிகினு கீற. மேல் வரிசைக்குப் போ. இசட்டுன்னு எழுதிகீதா? அத்த அமுக்கு. நல்லாக்கீது போ, ஆமான்னு சொல்லத் தெரியாம பத்து வருசம் ஓட்டிகீற."

அமுக்கினேன். வரிகள் ஓட ஆரம்பித்தன. கலா அந்தப் பக்கம் யாருக்கோ ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, இந்தப் பக்கம் "ஓடுதா? உடு, தொடாத. கையை மடியில வெச்சிக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மடியில் வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்துக் கறுப்பு போய், வழக்கமான நீல முகப்பு வந்தது. போன் அட்டைக்குள் இருக்கும் அம்மாள் இன்னும் ஐந்து நிமிடம்தான் என்றாள்.

5

"புள்ளையோட லெட்டர் கீதான்னு தொறந்து பாரு. பாத்துட்டு மூடு."

திறந்தேன். முழுசாக இருந்தது. அப்போது கடைசிப் பக்கத்தில் மொழிகள் என்று ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. ஜெர்மன்: தாய்மொழி. ஆங்கிலம்: நன்று. பிரெஞ்சு: இரண்டு வருடம். தமிழ்: அடிப்படை அறிவு.

பிரெஞ்சுக்குக் கீழே.

"இன்னாண்ணா, இன்னா எழுதிகீது?"

சொன்னேன். கலா சிரிக்கவில்லை. "எங்கையாண்ட நல்லாத்தானே பேசறா" என்றாள்.

பேசுவாள். வாரா வாரம் அத்தையோடு போனில் பேசி வந்த தமிழ் அது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் ஒருமுறை சேர்த்துவிட்டோம். மூன்றாம் வாரம் ஆசிரியையிடம் "இன்னா டீச்சர், இன்னிக்கு சீக்கிரமா வந்துகீறீங்க" என்று அன்பாகத்தான் கேட்டிருக்கிறாள். அது தமிழே இல்லை, வாயைக் கழுவிக்கொண்டு வா என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். அதோடு நின்றுவிட்டாள். எழுத்து அவளுக்குத் தெரியாமலே போயிற்று. அது தமிழ் இல்லை என்றால் வேறென்ன என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புக்காரன் ஆசிரியையிடம் எப்படிப் பேசுவது?

"கலா, இதை மட்டும் மாத்திடறேன். மிக நன்று. ரெண்டு சொல்லுதான்."

"கை வெக்காத."

"பயோடேட்டான்னா நாலு சேத்துதான் எழுதுவாங்க. நம்ம ஊர்ல இந்தி தெரியும்னு எழுதாதவன் யாரு?"

"அண்ணா, இப்பத்தானே பத்து பேர அனுப்பிச்சோம்? அது அவளோட லெட்டரு. மூடு..."

அட்டை தீர்ந்துவிட்டது. அவள் தொடர்பில் இருந்திருந்தால் நான் மாற்றியிருக்க மாட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன். மாற்றினேன். சேமித்தேன். மத்தியானம் தேன்மொழி ஈரத் தலையோடு வந்து, திறந்து, படிக்காமலே அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் படித்த கடிதத்தை மறுபடி யார் படிப்பார்கள்?

"ஏதாவது தொட்டீங்களாப்பா?"

"இல்லையே" என்றேன்.

6

அடுத்த ஒன்பது நாட்களை நான் எழுதவில்லை. தூங்கினேனா என்று மல்லிகாவைத்தான் கேட்க வேண்டும். பொய்த் தகவல் தந்த குடும்பத்துக்கு விசா ரத்தாகுமா என்று இரண்டு பேரிடம், யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

பத்தாம் நாள் விடுதிக்காரர்கள் அவளை நேரில் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் என் முன் நின்றாள்.

"நீங்க என் லெட்டரைத் தொட்டீங்க."

மல்லிகா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். நான் ஒத்துக்கொண்டேன்.

விடுதி நடத்தும் அம்மையார் விண்ணப்பத்தைப் பார்த்து, "தமிழ் மிக நன்றா? அருமை" என்று சொல்லி, எழுந்துபோய் ஓர் ஆளைக் கூட்டி வந்திருக்கிறார். சரக்குக் கப்பலில் வந்த ஒரு மாலுமி, வயசானவர். "இவரோடு பேசு" என்றிருக்கிறார். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்ததைப் பேசினாள். "இன்னாண்ணா, நல்லாக்கீறியா? வூட்டாண்ட எல்லாரும் எப்பிடிகீறாங்க? நாஸ்தா துன்னியா?"

அவர் டீயை மேஜையில் கொட்டிவிட்டாராம். "ஏம்மா, நீ எந்தத் தெரு? ராயபுரமா, தண்டையார்பேட்டையா?" என்று கேட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாராம். அவர் காசிமேட்டுக்காரர். ஏழு மாதமாகக் கப்பலில் ஒருவரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லையாம். அம்மையார் அந்த இடத்திலேயே அவளுக்கு இடம் உறுதி என்று சொல்லிவிட்டார்.

"அப்புறம் என்னம்மா, நல்லதுதானே?" என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்திருக்கும்.

"அப்புறம் சுவத்துல ஒட்டறதுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்து, இதைத் தமிழ்ல எழுதுன்னாங்க." அவள் குரல் உடைந்தது. "எனக்கு எழுதத் தெரியாதுப்பா. நான் அடிப்படை அறிவுன்னு எழுதினது அதுக்குத்தான். இன்னிக்கு டைம் இல்லன்னு பொய் சொன்னேன். நான் பொய் சொன்னேன், உங்களால. வேலை ஆரம்பிக்கறப்ப எழுதித் தரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

மன்னிப்புக் கேட்டேன். முதலில் தமிழில் கேட்டேன், அவள் முகம் மாறாததால் ஜெர்மனிலும் கேட்டேன்.

அன்று மாலை அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரகசியச் சொல்லை மாற்றினாள். இப்போது நான் அதில் படிக்கலாம், எழுதலாம். எதையும் நிறுவவோ, நீக்கவோ, பட்டியலைத் தொடவோ அனுமதி இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் காரணத்தோடு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். தமிழில். கையால், பெரிய எழுத்தில். வேலை ஆரம்பிக்க மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் அவள் படிக்கப் பழக வேண்டும், நான் போட்ட பொய்யை அவள்தான் உண்மையாக்க வேண்டும் என்றாள். அதிலிருந்து என் குடியுரிமை வீட்டுக்குள்ளேயே தற்காலிகமானதாகிவிட்டது.

அவள் உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று ஒரு மாதம் பழகிய பிறகு, முதல் விண்ணப்பத்தைப் போன வாரம் கொடுத்தேன். தமிழில் தட்டச்சு செய்ய ஒரு பேக்கேஜ் வேண்டும், ஒரே கிடங்கிலிருந்து எடுத்தால் போதும் என்று பணிவன்புடன் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒரு மணி நேரம் படித்தாள். இரண்டு இடத்தில் என்னிடமே சந்தேகம் கேட்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அத்தையோடு நெடுநேரம் பேசினாள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை என் விண்ணப்பம் சாப்பாட்டு மேஜையில் திரும்பி வந்திருந்தது. அதன் கீழே, கோணல் மாணலாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் முழுசாக, அவள் கையால் எழுதிய முதல் தமிழ் வாக்கியம் இருந்தது:

"தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது."